வெளியே அடைமழை, உள்ளே மழைக்கு அடை: திருவானைக்காவலில் ஒரு சிற்றுண்டிக் கடை

சென்ற ஐப்பசியில், திருச்சியில் இரண்டு நாட்களாக விடாமல் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், திருவானைக்காவல் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு சிறிய ஓட்டலின் வாசலில் ஒதுங்கினேன். திண்ணையில் சாய்த்து வைத்திருந்த கரும்பலகையில் சாக்பீஸால் இரண்டே வரிகள் எழுதியிருந்தன: ‘வெளியே அடைமழை. உள்ளே மழைக்கு அடை.’ மழை விட்டதும் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பதாக இருந்த நான், அதைப் படித்த பிறகு செருப்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு, சொல்லைப் புரட்டிப் போட்டு விருந்துக்கு அழைக்கும் ஒரு கடையைத் தாண்டிப் போவது முடியாத காரியம். அன்று முதல் மாதத்துக்கு மூன்று முறையாவது போய்க்கொண்டிருக்கிறேன்; இப்போது எழுதும் அளவுக்குப் பழகிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. ஆறு மேசைகள், இருபத்துநான்கு இருக்கைகள், ஒரே ஒரு தோசைக்கல். ‘எழுதுங்க, ஆனா பேரைப் போட்டுடாதீங்க. கூட்டம் வந்தா அடுப்பும் தாங்காது, எங்க வாயும் தாங்காது’ என்று கல்லாவில் இருக்கும் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து, கரும்பலகையைப் பார்த்தால் அதுதான் கடை.

முதலில் உணவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேச்சு எவ்வளவு இனித்தாலும் இலையில் விழுவது நன்றாக இல்லையென்றால் யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். நெய்த்தோசைக்குப் பெயர்போன ஊரில் அடையை நம்பிக் கடை நடத்தத் தனித் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு இந்த அடை தகுதியானது. புழுங்கலரிசியோடு துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் சேர்த்து, விரலில் தேய்த்தால் நெருடும் பதத்தில் அரைக்கிறார்கள். காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் முன்னால் நிற்கின்றன. கல்லில் தட்டிய அடையின் நடுவில் மாஸ்டர் கரண்டிக் காம்பால் ஒரு குழி போட்டு அதில் எண்ணெய் விடுகிறார். ஓரம் சிவந்து மொறுமொறுப்பாகும் நேரத்தில் நடுப்பகுதியும் வெந்துவிடுகிறது. அவர் தலைக்கு மேல் ஒரு அட்டை தொங்குகிறது: ‘எண்ணிப் பார்த்துத்தான் எண்ணெய் விடுகிறோம்.’ உண்மையாகவே அப்படித்தான் விடுகிறார். அடையோடு அவியலும் ஒரு துண்டு வெல்லமும் வைத்து 60 ரூபாய் வாங்குகிறார்கள். இட்லி மெதுவாக இருக்கிறது, சாம்பார் நாளுக்கு நாள் மாறுகிறது, தேங்காய்ச் சட்னியைக் கேட்டால்தான் இரண்டாம் முறை ஊற்றுகிறார்கள்.

காபிக்குத் தனி இடம் தர வேண்டும், ஏனென்றால் காபி போடுபவரும் பலகை எழுதுபவரும் ஒருவரே. உரிமையாளரின் மனைவியான அந்த அம்மா, காலை ஐந்தரை மணிக்கு முதல் டிகாஷன் இறங்கிக்கொண்டிருக்கும்போது பலகையைத் துடைத்துவிட்டு அன்றைய வரியை எழுதுகிறார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவில் இந்தக் கடை இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவருடைய இந்த வரியைப் படிக்க வேண்டும்: ‘ஆற்றங்கரையில் ஆற்றித் தரும் காபி. ஆறு மணி முதல். ஆறும் முன்.’ நீர் ஓடும் ஆறு, டம்ளருக்கும் டவராவுக்கும் இடையே ஆற்றுகிற ஆறு, கடிகாரத்தின் ஆறு, சூடு குறைகிற ஆறு என்று ஒரே வேர்போல ஒலிக்கும் நான்கு சொற்கள் அதில் இருக்கின்றன; அவற்றோடு கடை இருக்கும் இடம், காபி தயாராகும் முறை, கடை திறக்கும் நேரம், சீக்கிரம் குடியுங்கள் என்ற வேண்டுகோள் ஆகிய நான்கு செய்திகளும் இருக்கின்றன. விளம்பரம் எழுதிப் பிழைப்பவர்கள் இந்த வரியை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லும் அலங்காரத்துக்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

இந்தக் கடையின் பேச்சு எனக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பதற்குக் காரணமும் அதுதான். இங்கே வேடிக்கை எப்போதும் ஒரு செய்தியைச் சுமந்துகொண்டே வருகிறது. சிரிக்க வைக்க வேண்டும் என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. வாடிக்கையாளரிடம் ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை மனம் நோகாமல் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லும்போது அது சிரிப்பாக வந்துவிடுகிறது.

பரிமாறுபவரை எல்லோரும் ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர்; தோளில் துண்டு, காதில் பென்சில். இரண்டாம் முறை போயிருந்தபோது அவரிடம் வடை இருக்கிறதா என்று கேட்டேன். ‘இப்பதான் சார் விடை பெற்றது’ என்றார். வடை தீர்ந்துவிட்டது என்ற செய்திதான் அது. ஆனால் ‘இல்லை’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. இத்தனை மாதங்களில் அந்தக் கடையில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. பூரி தீர்ந்தால் ‘நாளைக்குப் பூரிக்கலாம்’ என்பார்; பொங்கல் தீர்ந்தால் ‘பொங்கி முடிச்சாச்சு’ என்பார். நம் வீடுகளில் பாட்டிமார் அரிசிப் பானை காலியானால் ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்றும், விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டுமானால் ‘குளிர வை’ என்றும் சொல்வார்களே, அதே வழக்குத்தான். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்கு ‘மங்கலம்’ என்று பெயர் வைத்து, தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக வகுத்துவிட்டார். மற்ற இரண்டு, வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலும், ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வழங்கும் குழூஉக்குறியும் ஆகும். வகுப்பறையில் இந்த மூன்றையும் நடத்தும்போது பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். இப்போது வேலையில் இருந்தால், ஒரு நாள் காலை எட்டு மணிக்கு மொத்த வகுப்பையும் இந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து மூலையில் நிற்க வைத்துவிடுவேன்.

ஏனென்றால் எட்டு மணிக்குத்தான் குழூஉக்குறி முழுவீச்சில் இருக்கும். பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர்கள் ஆடையைக் ‘காரை’ என்பார்கள் என்று உரையாசிரியர்கள் காட்டிய உதாரணங்களையே நாமும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இங்கே அண்ணன் மேசையிலிருந்து திரும்பாமலே சமையலறைக்குக் குரல் கொடுப்பார்: ‘நாலுல ரெண்டு முங்கல், ஒரு முறுகல், ஒரு வித்தவுட்!’ நான்காம் மேசைக்குச் சாம்பாரில் மூழ்கிய இட்லி இரண்டு, முறுகலான தோசை ஒன்று, சர்க்கரை போடாத காபி ஒன்று என்று பொருள். இதை எழுதி அனுப்ப ஒரு தாள் வேண்டும். இதைச் சொல்ல அவருக்கு ஒரு மூச்சு போதும். எதிர்ப்பக்கத்திலிருந்து மாஸ்டர் ‘முங்கியாச்சு!’ என்பார். சொன்னது கேட்டது, கேட்டது செய்யப்பட்டது என்ற உறுதி அந்த ஒரு சொல்லில் கிடைத்துவிடும்.

கூட்டம் நெரியும்போது மனிதர்கள் உணவாகிவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரு கைகளிலும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்த அண்ணன், ‘ரவா யாரு, பொடி யாரு?’ என்று கேட்டார். ஆறடிக்குக் குறையாத, மீசையை முறுக்கிவிட்டிருந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘நான்தாங்க பொடி’ என்று மிகுந்த கம்பீரத்தோடு சொன்னார். பக்கத்து மேசையில் இருந்த சிறுமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரை அண்ணாந்து பார்த்தாள். ‘அம்மா, இவரு பொடியாம்மா?’ மீசைக்காரரே முதலில் சிரித்தார். அவர் சிரித்த பிறகு கடை முழுவதும் சிரித்தது. தெருவில் நின்று ‘ஆட்டோ, வருமா?’ என்று நாம் கூப்பிடுவதும், சந்தையில் ‘ஏ கூடை, இங்க வா’ என்பதும் இதே ஆகுபெயர்தான். யாரும் யோசித்துச் சொல்வதில்லை. அவசரம் சொல்ல வைக்கிறது, கேட்பவருக்கும் புரிந்துவிடுகிறது.

இடக்கரடக்கலுக்கு வருகிறேன். கடன் கேட்பவர்களுக்காக ஓட்டல்களில் எழுதி மாட்டும் வாசகங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். இன்று ரொக்கம், நாளை கடன் என்பதைப் படிக்காத தமிழர் இருக்க முடியாது. இந்தக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் வேறொன்று இருக்கிறது: ‘காலைக் கடன்களை வீட்டிலேயே முடித்துவிட்டு வரவும்.’ முதலில் படித்தபோது இது என்ன, சாப்பிடும் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறார்களே என்றுதான் தோன்றியது. காலைக் கடன் என்பது நாகரிகம் கருதி நாம் மறைத்துச் சொல்லும் சொல். அந்த மறைப்புக்குள்ளே இன்னொரு மறைப்பாகப் பணக் கடனை வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டாம் பார்வையில்தான் தெரிந்தது. காலையில் வந்து கடன் சொல்லிச் சாப்பிட்டுப் போகிறவர் ஒருவரும் அதைப் படித்துக் கோபித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அதில் அவரைப் பற்றி ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

இந்த ஊரில் இப்படி ஒரு கடை முளைத்ததில் எனக்கு வியப்பு இல்லை. சிலேடைக்குப் பேர்போன காளமேகப் புலவர் 15ஆம் நூற்றாண்டில் இங்கேதான் வாழ்ந்தார் என்பது மரபு. அவர் திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் சமையல் வேலை பார்த்தவர், திருவானைக்காவல் அகிலாண்டேசுவரியின் தாம்பூலத்தால் கவிஞரானவர் என்று கதை சொல்கிறது. அடுப்படியில் இருந்து வந்தவர் என்பதாலோ என்னவோ, தமிழில் எனக்குத் தெரிந்த மிகக் கூர்மையான ஓட்டல் விமர்சனங்கள் இரண்டும் அவருடையவை. நீர்த்த மோர் விற்ற ஆய்ச்சியிடம் மோரை வாங்கிப் பார்த்தவர், அந்த மோரையே விளித்து, வானத்தில் இருந்தபோது உனக்குக் கார் என்று பெயர், தரைக்கு வந்தபின் நீர் என்று பெயர், இவள் கைக்கு வந்தபின் மோர் என்று பெயர், மூன்று பெயரும் பெற்றாயே என்று பாடினார். தண்ணீர் கலந்திருக்கிறாய் என்ற குற்றச்சாட்டு அதில் எங்கேயும் நேராக இல்லை.

இன்னொன்று நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தைப் பற்றியது. பொழுது அத்தமிக்கும்போது அரிசி வரும், அதைக் குத்தி உலையில் இடும்போது ஊர் அடங்கும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி எழும் என்றார். இரவு முழுவதும் பசியோடு காத்திருந்தவனின் புகாராக இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. காத்தான் வந்து மன்றாடியதும் அதே சொற்களைப் புகழாக மாற்றிப் பொருள் சொன்னாராம்: நாட்டில் உணவே அத்தமித்துப்போன பஞ்சகாலத்திலும் இங்கே அரிசி வரும், உலையிலிட்டால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மையைக் கண்டு வெள்ளி எழுந்து ஓடும். ஒரு எழுத்தும் மாறவில்லை. விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதை எனக்குத் தெரிந்த நல்ல பாடம். கடைக்காரனுக்குத் திருந்தவும் ஒரு வழி விட்டு, தலைநிமிரவும் ஒரு வழி விட்டிருக்கிறார்.

இந்தப் பாடலை நான் குறிப்பிடக் காரணம் உண்டு. இரவு ஏழரைக்கு மேல் இங்கே தாமதம் அதிகம். ஒரு தோசைக்கல்லை வைத்துக்கொண்டு இருபத்துநான்கு பேருக்கு அடை தட்டுவது எளிதல்ல. ஆனாலும் நாற்பது நிமிடம் காத்திருப்பது நீண்ட நேரம்தான். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அப்படிக் காத்திருந்து சலித்துப்போய், ‘என்ன அண்ணே, வெள்ளி எழுந்துடும் போலிருக்கே’ என்றேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ‘ஊர் அடங்கறதுக்குள்ள உங்க பசி அடங்கிடும் சார்’ என்று சொல்லிவிட்டுப் போனார். நான் முதல் பொருளில் எறிந்த பாடலை அவர் இரண்டாம் பொருளில் பிடித்துத் திருப்பித் தந்துவிட்டார். எங்கே படித்தீர்கள் என்று பிறகு கேட்டபோது, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டதாகவும், பட்டிமன்றம் எங்கே நடந்தாலும் போய்க் கேட்பதாகவும் சொன்னார். அடை ஐந்து நிமிடத்தில் வந்தது.

சாம்பார் நாளுக்கு நாள் மாறுகிறது என்று சொன்னேன் அல்லவா? ஒரு நாள் அதில் உப்பு போடவே மறந்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் சற்றுக் கடுமையாகவே குறைபட்டுக்கொண்டார். அண்ணன் உப்புக் கிண்ணத்தோடு வந்து, ‘மன்னிக்கணும் ஐயா, ஒப்பில்லாத சாம்பாரா வரணும்னு நினைச்சோம், உப்பில்லாத சாம்பாரா வந்துடுச்சு’ என்றார். கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சரத்தில், ஒப்பற்றவன் என்று பொருள்படும் ஒப்பிலியப்பன் மக்கள் வாயில் உப்பிலியப்பனாகி, இன்றும் உப்பில்லாத நிவேதனத்தை ஏற்றுக்கொள்கிறார். பெரியவருக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ‘பெருமாளுக்குச் சரி, எனக்குப் போடு’ என்று இலையை நகர்த்தினார். நான் கவனித்தது வேறொன்று. முதலில் மன்னிப்பு வந்தது, கையில் உப்பு வந்தது, அதன் பிறகுதான் சிலேடை வந்தது. இந்த வரிசை மாறியிருந்தால் பெரியவர் எழுந்து போயிருப்பார், போயிருக்கவும் வேண்டும்.

வரிசை தெரியாத ஒருவரும் கடையில் இருக்கிறார். புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர், கைப்பேசியில் வரும் துணுக்குகளை, பெரும்பாலும் மனைவியைக் கேலி செய்பவற்றை, மேசைக்கு மேசை ஒப்பிக்கிறார். அவை எந்த மேசைக்கும் உரியவை அல்ல. ஒரு நாள் பருமனான ஒருவரிடம் ‘உங்களுக்கு ஒரு அடை போதுமா?’ என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அண்ணன் அவரைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போய்த் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது: ‘தம்பி, தோசையைப் பத்திப் பேசு, மாவைப் பத்திப் பேசு, என்னைப் பத்திக்கூடப் பேசு. சாப்பிட வந்தவங்க உடம்பைப் பத்தியும் பையைப் பத்தியும் பேசாதே.’ கடையின் சட்டம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். இளைஞர் கற்றுக்கொள்வார், பிறகு நான் போனபோது துணுக்குகள் பாதியாகக் குறைந்திருந்தன.

நகரத்தில் ஒரு பெரிய உணவகத்தில் அண்மையில் மேசையில் ஒட்டியிருந்த சதுரக் கட்டத்தைக் கைப்பேசியால் படம்பிடித்து, திரையில் தோன்றிய பட்டியலைத் தொட்டு உணவு வரவழைத்தேன். பிழையின்றி வந்தது, சாப்பிட்டு முடிக்கும் வரை ஒருவரோடும் ஒரு சொல் பேச வேண்டியிருக்கவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவசரக்காரர்களுக்கு அது வசதிதான். ஆனால் அந்தத் திரை என்னிடம், ‘இன்னிக்கு மாவு கொஞ்சம் புளிச்சிருக்கு சார், தோசை வேண்டாம், ஊத்தப்பமா சாப்பிடுங்க, அதுக்குத்தான் இது நல்லா இருக்கும்’ என்று சொல்லாது. அண்ணன் சொன்னார். ஊத்தப்பம் அன்று மிக நன்றாக இருந்தது.

எனக்குப் பிடித்த சொல் மட்டும் அண்ணனுடையது அல்ல, ஒரு வாடிக்கையாளருடையது. தை மாதத்தில் ஒரு பிற்பகல், கூட்டம் இல்லாத நேரத்தில், எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மா தனியாக வந்து இட்லி கேட்டார். ‘சாப்பிடறீங்களாம்மா, கட்டிக் கொடுக்கட்டுமா?’ என்று அண்ணன் வழக்கம்போலக் கேட்டார். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே, ‘ரெண்டு பேரைக் கட்டிக் கொடுத்துட்டுத்தாம்ப்பா வீட்டுல தனியாக் கிடக்கேன். இங்கேயே சாப்பிடறேன்’ என்றார். அண்ணனிடம் பதில் இல்லை. இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார், இட்லி வைத்தார், அந்த அம்மா சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டே அவருடைய பேரப்பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த மேசை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. இப்போது அந்த அம்மா வெள்ளிக்கிழமை தோறும் வருகிறார் என்று கல்லாவில் சொன்னார்கள்.

போக விரும்புவோருக்குச் சில விவரங்கள். காலை 6 முதல் 11 வரையும், மாலை 4 முதல் 9 வரையும் திறந்திருக்கும், செவ்வாய் விடுமுறை. அடை மாலையில் மட்டும்தான். காபி 20 ரூபாய், சர்க்கரை தூக்கலாகப் போடுவார்கள், முன்பே சொல்லிவிடுங்கள். இடம் இல்லையென்றால் முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். கை கழுவும் இடம் குறுகலானது, தரை எப்போதும் ஈரம். முதியவர்களை அழைத்துப் போனால் கூடவே நில்லுங்கள். அதைச் சரிசெய்யச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். ‘வழுக்கிக்கொண்டே போகிறது சார்’ என்றார் உரிமையாளர். இந்த ஒரு பதிலுக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே ஒரு ரப்பர் விரிப்பு போட வேண்டும்.

கடைசியாகப் போனது சென்ற வாரம். மறுபடியும் மழை, மறுபடியும் அதே பலகை, முதல் நாள் என்னை உள்ளே இழுத்த அதே வரிகள். எட்டரை மணிக்கு நான் சாப்பிட்டு வெளியே வந்தபோது அடை தீர்ந்துவிட்டிருந்தது, மழையும் தூறலாக இறங்கிவிட்டிருந்தது. உரிமையாளரின் மனைவி ஈரத்துணியோடு வந்து, முதல் வரியில் ஓர் ‘அடை’யையும் இரண்டாம் வரியில் ‘மழைக்கு அடை’யையும் துடைத்தார். ஒரு கணம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாக்பீஸை எடுத்து ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு உள்ளே போனார்: ‘வெளியே மழை. உள்ளே காபி.’